துறையும் தெப்பமும்: திருவண்ணாமலை வட்டார நீர்வழக்குகளை முன்வைத்துப் படகொழுக்கத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஆற்றிலும் குளத்திலும் கலம் செலுத்துவோர், அதில் ஏறுவோர், துறையைப் பேணுவோர் ஆகிய மூவரும் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறை ஒழுங்கு இக்கட்டுரையில் படகொழுக்கம் எனப்படுகிறது. தமிழ் மரபில் இவ்வொழுங்கு எவ்வாறு உருவானது, எவரிடம் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டிருந்தது, பிற்காலத்தில் எவ்வாறு இடம் மாறியது என்பன திருவண்ணாமலை வட்டாரத்தின் தீர்த்தவாரி, தெப்பல் விழாக்களை மையமாகக் கொண்டு ஆராயப்படுகின்றன. கலத்தை இன்று செலுத்தலாகாது என்று மறுக்கும் உரிமையே படகொழுக்கத்தின் அடிப்படை என்பதும், அவ்வுரிமை யாரிடமும் இல்லாத நீர்நிலைகளிலேயே பேரிழப்புகள் நேர்கின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: துறை, புணை, ஓடக்கூலி, தெப்பல், தீர்த்தவாரி, தென்பெண்ணை, செய்யாறு, படகொழுக்கம்.

முன்னுரை

திருவண்ணாமலை ஆற்றங்கரை நகரம் அன்று. தெற்கே தென்பெண்ணையும் வடக்கே செய்யாறும் ஓட, மலையடிவாரத்து நகரம் குளங்களையும் ஏரிகளையும் நம்பியே வளர்ந்துள்ளது. ஆயினும் இந்நகரின் சமய வாழ்வில் ஆறு நீங்காத இடம் பெற்றிருக்கிறது. அருணாசலேசுவரர் தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொள்கிறார். இரதசப்தமியன்று கலசபாக்கத்தில் செய்யாற்றிலும், மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதியிலும் தீர்த்தவாரி நடைபெறுகிறது. கார்த்திகை மகாதீபத்துக்கு மறுநாள் தொடங்கி மூன்று இரவுகள் ஐயங்குளத்தில் தெப்பல் விழா நிகழ்கிறது.

ஆறில்லாத ஊர் ஆற்றைத் தேடிச் சென்று நீராடுவதும், குளத்தில் மிதவை கட்டித் தெய்வத்தை ஏற்றுவதும் சடங்குகளாக மட்டுமே இதுவரை பெரிதும் நோக்கப்பட்டுள்ளன. ஆனால் பெருங்கூட்டம் நீர்விளிம்பில் திரளும் ஒவ்வொரு விழாவும் யார் இறங்கலாம், எத்தனை பேர் ஏறலாம், யார் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். அவ்விடைகளின் வரலாற்றையே இக்கட்டுரை தேடுகிறது.

துறை என்னும் சொல்

நீரில் இறங்கவும் ஏறவும் தகுந்த இடம் துறை. கரையின் எல்லாப் பகுதியும் துறை ஆவதில்லை. ஆழமும் ஓட்டமும் தரையின் தன்மையும் அறிந்த மக்கள், பலகாலம் பழகித் தேர்ந்த இடமே அப்பெயர் பெறுகிறது. நீராடுதுறை, உண்துறை, ஓடத்துறை எனப் பயன்பாட்டுக்கு ஏற்ப அது பகுக்கப்பட்டது. பாடுபொருளின் பிரிவையும் கல்வியின் பிரிவையும் துறை என்றே தமிழ் வழங்குவது கருதத்தக்கது. முறையாக நுழைவதற்குரிய வாயில் என்ற பொருள் இரண்டிலும் பொதுவாக நிற்கிறது.

கலங்களின் பெயர்களும் பயன்பாட்டு வேறுபாட்டை அறிந்து இடப்பட்டவை. நாவாயும் வங்கமும் கடலுக்குரியவை. திமில் மீன்பிடி கலம். அம்பி, ஓடம், தோணி, பஃறி ஆகியன ஆற்றிலும் கழியிலும் கரையோரத்திலும் இயங்கியவை. புணையும் தெப்பமும் மரங்களையோ மூங்கில்களையோ பிணைத்துச் செய்த மிதவைகள். மூங்கிற் பின்னலின்மேல் தோல் போர்த்திய வட்டக்கலமான பரிசல், காவிரியின் மேற்பகுதியில் இன்றும் வழக்கில் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், மரங்களைப் பிணைத்துச் செய்த பெருங்கலங்களைச் சங்கரா என்ற பெயரால் சோழக் கரையில் குறிப்பிடுகிறது. கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது யாவரும் அறிந்ததே.

இவற்றுள் புணை தனிக்கவனத்துக்கு உரியது. பிணைத்தலால் ஆன கலமாதலின், ஒரு கட்டு தளர்ந்தாலும் முழுமையும் சிதறும். திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் சுற்றத்தைக் காவலான புணையாக உருவகித்து, சினம் அதனை எரித்துவிடும் என்கிறது. ஒருவர் செயல் உடன் செல்வோர் அனைவரையும் பாதிக்கும் என்ற நீர்வழி அனுபவம் அவ்வுருவகத்தின் அடியில் இருக்கிறது.

மலைபடுகடாம் கூறும் நீர்நெறி

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு நேரடியாக உரிய மிகப் பழைய சான்று மலைபடுகடாம். செங்கண்மா என்னும் இன்றைய செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டு இது. சேயாறு எனப்படும் செய்யாற்றின் கரைவழியும் இதில் இடம்பெறுகிறது. பரிசில் பெற்றுவந்த கூத்தன் ஒருவன், இனிச் செல்லவிருக்கும் கூத்தர்க்கு வழிகூறும் அமைப்பில் இது உள்ளது. எனவே நூலின் பெரும்பகுதி, எங்கே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறை அறிவுரையாக அமைகிறது.

காட்டாற்றைக் கடக்கும் இடம் பற்றிய அறிவுரை இங்கு முதன்மையானது. அகழியில் இறங்குவது போன்ற சரிவான இடத்தில் வழுக்காமல் காத்துக்கொள்ள வேண்டும். படர்ந்த பருத்த கொடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். சிறுவர்களை உடன்கொண்டு ஒருவரை ஒருவர் காத்துக் கடக்க வேண்டும் என்று கூத்தன் கூறுகிறான். அடுத்து, விழுந்தோரை மாய்க்கும் ஆழ்ந்த மடுக்களின் அருகே, பாசி படர்ந்து காலின் நிலையைத் தளர்த்தும் இடங்களில், மூங்கிற்கோலையும் கோரைத் தண்டையும் ஊன்றுகோலாகக் கொண்டு செல்லுமாறு அறிவுறுத்துகிறான்.

இவ்வறிவுரையில் மூன்று கூறுகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, இடத்தின் இயல்பை முன்கூட்டியே அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லும் கடமை. இரண்டாவது, பிடிமானம் இன்றி நீர்விளிம்பை அணுகாமை. மூன்றாவது, வலியவர் முன்னே சென்றுவிடாமல் சிறுவரோடு சேர்ந்தே கடக்கும் கூட்டுப்பொறுப்பு. இன்றைய படகுத்துறைகளின் அறிவிப்புப் பலகைகளில் காணப்படும் விதிகளின் சாரம் இம்மூன்றனுள் அடங்கும். ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்ற பழமொழி நன்றியின்மையைச் சுட்டுவதாயினும், கடக்கும் பொழுதில் உறவுமுறை கட்டாயம் என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது.

பெருந்துறையும் ஓடம் கட்டப்பட்ட நாளும்

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை, வையையில் குதிரை, யானை, சிங்க முகங்கள் அமைந்த அம்பிகள் இயங்கிய பெருந்துறையைக் குறிக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அத்துறை வழியே செல்லாமல் மரப்புணையில் ஏறி மறுகரை அடைகின்றனர். நகரின் முதன்மைத் துறை ஒன்றும், எளியோர் பயன்படுத்திய சிறு கடவு ஒன்றும் அருகருகே இருந்தமை இதனால் புலனாகிறது. ஒழுங்கும் அலங்காரமும் பெருந்துறைக்கு உரியனவாக, புணைத்துறையில் ஏறுவோர் அதனைச் செலுத்துபவரின் திறமையையும் நேர்மையையுமே நம்பியிருந்தனர். பிற்கால வரலாற்றிலும் இவ்விரு நிலை வேறுபாடு தொடர்கிறது.

பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் திருக்கொள்ளம்பூதூருக்குச் செல்லும் நிகழ்ச்சி மற்றொரு சான்று. ஆற்றில் வெள்ளம் பெருகியதால் ஓடக்காரர்கள் ஓடங்களைக் கட்டிவிட்டுச் சென்றுவிடுகின்றனர். சம்பந்தர் ஓடத்தை அவிழ்த்து அடியாருடன் ஏறிப் பதிகம் பாட, அது மறுகரை சேர்கிறது. ஐப்பசியில் அவ்வூரில் நிகழும் ஓடத்திருவிழா இதனை நினைவுகூர்கிறது.

இந்நிகழ்ச்சி அருட்செயலாகவே போற்றப்படுகிறது. அருட்செயல் என்று அதனைத் தனித்துக் காட்டுவதற்குச் சேக்கிழார் அமைத்த பின்னணியே வரலாற்று நோக்கில் மதிப்புடையது. வெள்ளம் வந்தால் ஓடத்தைக் கட்டிவிட வேண்டும் என்பது 12ஆம் நூற்றாண்டில் படிப்போர் எவர்க்கும் விளக்கம் தேவைப்படாத நடைமுறை. ஓடக்காரர் அஞ்சி ஓடியதாகவோ கடமை தவறியதாகவோ புராணம் அவர்களைப் பழிக்கவில்லை. கலத்தைக் கட்டுவதும் அவர் தொழிலின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. விதிவிலக்கு ஒருமுறை நிகழ்ந்தது என்று கொண்டாடும் கதை, விதி எப்போதும் இருந்தது என்பதற்குச் சான்றாகிறது.

பொறுப்பும் கூலியும்

ஓடத்துறை அரசின் வருவாய்க்கும் உரியது. சோழர் செப்பேடுகளின் வரிப்பட்டியல்களில் உல்குடன் சேர்த்து ஓடக்கூலியும் குறிக்கப்படுகிறது. ஊர்களைப் பிரமதேயமாக வழங்கும்போது இவ்வருவாயும் கொடைபெறுவோர்க்கு மாறியது. ஏரிகளில் தூர் வாருவதற்கு ஓடம் வைத்துப் பேணச் செய்த அறக்கொடைகளும் வடதமிழகக் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. கலம் என்பது கடப்பதற்கு மட்டுமன்றி நீர்நிலையைப் பேணுவதற்கும் உரிய கருவியாக இருந்தமை இதனால் தெரிகிறது.

வருவாய் பெறுபவர் எதற்குப் பொறுப்பாளி என்ற வினாவுக்குக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் தெளிவான விடை தருகிறது. இரண்டாம் அதிகரணத்தில் கலங்களின் தலைவரைப் பற்றிய இயலில், உரிய துறையல்லாத இடத்திலும் உரிய நேரமல்லாத நேரத்திலும் கடப்போர்க்குத் தண்டம் விதிக்கப்படுகிறது. முதியோர், சிறுவர், நோயாளர், கருவுற்ற பெண்டிர் முதலியோர் கட்டணமின்றிக் கடக்கலாம். அதேவேளை, ஆட்குறைவாலோ கருவிக்குறைவாலோ பழுது பாராமையாலோ கலம் மூழ்கினால், இழப்பைத் தலைவரே ஈடு செய்ய வேண்டும். பயணிக்கு ஒழுக்கம், அதிகாரிக்குப் பொறுப்பு என்ற இருபக்கக் கட்டமைப்பு இதில் உள்ளது. வடபுல நூலொன்றின் விதிகள் தமிழகத்தில் அவ்வாறே நடைமுறையில் இருந்தன எனக் கொள்ள இயலாது. ஆயினும் இந்தியச் சூழலில் இச்சிந்தனையின் தொன்மையை அது காட்டுகிறது.

காலனியச் சட்டங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பொறுப்பு இரு வேறு சட்டங்களாகப் பிரிந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கலத்தைக் கவனமின்றிச் செலுத்துவதை 280ஆம் பிரிவிலும், பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கலத்தில் கூலிக்கு ஆளேற்றுவதை 282ஆம் பிரிவிலும் குற்றமாக்கியது. அச்சட்டத்தின்படி பின்னதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 282, 284ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன.

சென்னை மாகாணத்தில் 1890ஆம் ஆண்டின் கால்வாய்கள் மற்றும் பொதுத் தோணித்துறைகள் சட்டம் துறைகளின் நிருவாகத்தை ஒழுங்குபடுத்தியது. பொதுத் தோணித்துறையாக அறிவித்தல், சுங்கம் தண்டுதல், குத்தகைக்கு விடுதல், விதி வகுத்தல் ஆகியன அரசின் அதிகாரங்களாயின. குத்தகைதாரரின் நலன் ஏறுவோர் எண்ணிக்கையைச் சார்ந்தது. துறையறிந்த ஓடக்காரரோ பெரும்பாலும் அவரிடம் கூலியாளாக நிற்பவர். வெள்ளத்தைப் பார்த்து ஓடத்தைக் கட்டும் உரிமை இவ்வமைப்பில் வலுவிழந்ததில் வியப்பில்லை. தண்டனைச் சட்டம் தவற்றுக்குப் பின் ஓடக்காரரைத் தேடி வருகிறது. தவற்றுக்கு முன் அவர் மறுத்துரைக்கும் குரலுக்கு அது நேரடியான காப்பு எதனையும் தரவில்லை. சம்பந்தர் கதையின் ஓடக்காரர்க்கும் காலனியக் காலத்து ஓடக்காரர்க்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

திருவண்ணாமலையில் தீர்த்தவாரியும் தெப்பலும்

திருவண்ணாமலையின் நீர்விழாக்களில் அரசியல் வரலாறும் கலந்துள்ளது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் தன் இறுதிக்காலத்தில் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தான். 1342-43 அளவில் மதுரைச் சுல்தானியருடன் நிகழ்ந்த போரின் முடிவில் அவன் கொல்லப்பட்டான். மக்கட்பேறு இல்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று இறுதிக்கடன் ஆற்றுவதாகக் கோயில் மரபு கூறுகிறது. தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது மன்னன் இறந்த செய்தி இறைவனுக்கு அறிவிக்கப்பட, அவர் மேளதாளம் இன்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அக்கடன் நிறைவேற்றப்படுகிறது. நீர்த்துறை இங்கு நீராடும் இடமாக மட்டும் நிற்காமல், துயரையும் கடமையையும் ஊரறிய ஏற்றுக்கொள்ளும் பொதுவிடமாகவும் அமைகிறது.

ஐயங்குளத் தெப்பல் வேறு வகையது. முதல் இரவு சந்திரசேகரரும், இரண்டாம் இரவு பராசக்தி அம்மனும், மூன்றாம் இரவு சுப்பிரமணியரும் தெப்பலில் எழுந்தருளுகின்றனர். மகாதீபம் காண வந்த கூட்டம் முற்றிலும் கலையாத நாட்கள் அவை.

தமிழகக் கோயில்களில் இன்று கட்டப்படும் தெப்பம் பொதுவாகப் பீப்பாய்களைப் பிணைத்து, அவற்றின்மேல் மரமும் பலகையும் பரப்பி அமைக்கப்படுகிறது. திருமலை நாயக்கர் 1645இல் அமைத்த மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்திலும், திருவாரூர்க் கமலாலயத்திலும் இவ்விழா பெரும்புகழ் பெற்றது. வடம் பிடித்துக் கரையிலிருந்து இழுப்பதும், கோல் ஊன்றித் தள்ளுவதும் தெப்பத்தை இயக்கும் வழக்கமான முறைகள். இம்முறைகளில் படகொழுக்கத்தின் கூறுகள் பல இயல்பாகவே பொதிந்துள்ளன. தெப்பம் ஒரே திசையில் வலமாகச் செல்கிறது. எதிரெதிர் கலங்களுக்கு இடமில்லை. அதன் வேகம் கரையில் நடப்போரின் வேகத்தைத் தாண்டுவதில்லை. ஏறுவோர் பணி உடையவர். காண்போர் கரையில் நிற்கின்றனர். வடம் கரையில் இருப்பதால் தெப்பம் ஒருபோதும் கரையின் கட்டுப்பாட்டை விட்டு நீங்குவதில்லை.

கடல்வழி மோதல்களைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள், பாதுகாப்பான வேகம், இடைவிடாத கண்காணிப்பு, குறுகிய வழியில் வலப்புறம் ஒட்டிச் செல்லுதல் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. படகுத்துறைகளில் அலை எழுப்பாமல் மெல்லச் செல்லுதல் உலகெங்கும் மதிக்கப்படும் மரபு. தெப்பலின் சடங்கொழுங்கு இந்நோக்கங்களை வேறொரு வழியில் நிறைவேற்றுகிறது. சடங்கு என்பதாலேயே அதனை மீறத் தயங்கும் மனநிலையும் உடன் உருவாகிறது.

மறுக்கும் உரிமை இடம் மாறிய வரலாறு

1958இல் நிறைவுற்ற சாத்தனூர் அணை தென்பெண்ணையின் இயல்பை மாற்றியது. 119 அடி முழுக்கொள்ளளவு மட்டம் கொண்ட இவ்வணைக்குக் கீழே, வெள்ளத்தின் வருகையை வானத்தையோ நீரின் நிறத்தையோ பார்த்து மட்டும் இனி அறிய இயலாது. அணை திறக்கும் அறிவிப்பையும் அறிய வேண்டும். 2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்து, அணையிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,68,000 கனஅடி நீர் வெளியேற்றப்பட்டபோது கீழ்க்கரை ஊர்கள் பெருஞ்சேதம் அடைந்தன. துறையறிந்தவரின் பட்டறிவு மட்டும் போதாத நிலையை அணைகள் உருவாக்கிவிட்டன. கலத்தைக் கட்டச் சொல்லும் அதிகாரம் இயல்பாகவே மாவட்ட நிருவாகத்திடம் சென்று சேர்ந்தது. ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து உயரும்போது பரிசல் இயக்கத்துக்கு மாவட்ட நிருவாகம் தடை விதிப்பது இம்மாற்றத்தின் தெளிவான எடுத்துக்காட்டு. பெரியபுராணத்து ஓடக்காரர் செய்ததை இன்று அரசாணை செய்கிறது.

இவ்வதிகாரம் தெளிவாக வரையறுக்கப்படாத இடங்களில் நிலைமை வேறு. 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பயணிகள் ஒருபக்கமாகத் திரண்டது காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. 2011 டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காடு ஏரியில் அளவுக்கு மேற்பட்டோர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். 2023 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையை அடுத்த மூவரசம்பட்டில், தீர்த்தவாரியின்போது கோயில் குளத்தில் இறங்கிய இளைஞர் ஐவர் மூழ்கி இறந்தனர்.

இம்மூன்றும் வெவ்வேறு இயல்பின. ஒன்று அரசுசார் சுற்றுலா, ஒன்று குடும்ப உலா, ஒன்று சடங்கு. வெள்ளம் எதிலும் இல்லை. நீர் அமைதியாக இருந்தமையால் ஆபத்து உணரப்படவில்லை. துறையில் நின்று எண்ணிக்கை போதும் என்றோ, இந்த இடத்துக்கு அப்பால் ஆழம் என்றோ சொல்லி, அச்சொல் கேட்கப்படும் நிலையில் எவரும் இல்லாமையே இவற்றின் பொதுக்கூறு. மலைபடுகடாத்துக் கூத்தன் எச்சரித்தது பெருவெள்ளத்தைப் பற்றியன்று. காலடியில் பாசி மறைத்த மடுவைப் பற்றியது.

முடிவுரை

தமிழ் மரபில் படகொழுக்கம் என்பது பயணியின் நன்னடத்தையாக மட்டும் சுருங்கியதில்லை. இடமறிந்தவர் சொல்லுதல், செலுத்துபவர் மறுத்தல், ஏறுபவர் கட்டுப்படுதல், வருவாய் பெறுபவர் பொறுப்பேற்றல் என்ற நான்கும் சேர்ந்த ஒழுங்காக அது இருந்துள்ளது. துறை வருவாய் குத்தகையாகவும் தவறு தண்டனைக்குரிய குற்றமாகவும் பிரிந்தபோது, இவற்றுள் இரண்டாவது கூறான மறுக்கும் உரிமை வலுவிழந்தது. பேராறுகளில் அது மாவட்ட நிருவாகத்தின் கையில் மீண்டுள்ளது. குளங்களிலும் ஏரிகளிலும் உப்பங்கழிகளிலும் இன்னும் முழுமையாக மீளவில்லை.

திருவண்ணாமலையின் தெப்பல் மரபு இதற்கு வழிகாட்டுவதாக உள்ளது. அங்கு வடம் கரையில் இருக்கிறது. ஏறுவோர் யார் என்பது முன்பே முடிவாகிறது. தீர்த்தவாரி நிகழும் துறைகளிலும் அதே தெளிவு வேண்டும். ஆழத்தை முன்னரே அளந்து எல்லைக்கயிறு கட்டுதல், இறங்குவோர் எண்ணிக்கையை வரையறுத்தல், நீச்சல் அறிந்த ஒருவரிடம் விழாவை நிறுத்தும் அதிகாரத்தை வெளிப்படையாக ஒப்படைத்தல் ஆகியன சடங்கின் மாண்பைக் குறைப்பன அல்ல. மன்னனின் இறப்புச் செய்தி கேட்டு மேளத்தை நிறுத்தி இறைவனே திரும்பும் ஊரில், உயிர் கருதி விழாவைச் சற்று நிறுத்துவது மரபுக்குப் புறம்பாகாது. நீர்விழாக்கள் நடைபெறும் பிற ஊர்களின் துறைவழக்குகளும் இந்நோக்கில் தொகுக்கப்படுமாயின், தமிழகத்தின் நீரொழுக்க வரலாறு முழுமை பெறும்.